பட்டாளம் தந்த எழுத்தறிவு

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எண்ணும் எழுத்தும் வந்து சேர்ந்த வழிகளுள் ஒன்றை இளைஞர்கட்கு நினைவூட்ட விழைகிறோம். ஊர்ப் பள்ளிகள் கதவடைத்த காலத்தில் மராட்டிய நாட்டில் அவ்வழி பட்டாளத்தினுள்ளே திறந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகார் மக்கள் பெருந்தொகையினராய்ப் பணியாற்றினர். 1818 சனவரி முதல் நாள் கோரேகானில் பேஷ்வாவின் படையை எதிர்த்து நின்றவர்களுள் அவர்களும் இருந்தனர். படை நடத்துவதற்குத் துப்பாக்கி ஏந்தும் கை மட்டும் போதாது. ஆணையைப் படிக்கவும், ஆட்பட்டியல் எழுதவும், சம்பளத்துக்கும் உணவுப் பொருளுக்கும் கணக்கு வைக்கவும் கற்றவர் வேண்டும். ஆகவே, சிப்பாய்கட்கும் அவர்தம் பிள்ளைகட்கும், ஆண் பெண் இரு பாலார்க்கும், படையில் கல்வி கட்டாயமாக இருந்தது. அதே மாகாணத்தில், 1856இல் தார்வார் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்த மகார் சிறுவன் ஒருவனுக்கு இடம் மறுக்கப்பட்டதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இப்படைக் கல்வியின் பயனாக விளங்கியவர் அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் சுபேதார் இராம்ஜி சக்பால். பூனாவில் ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர், படைப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தார். 1891 ஏப்ரல் 14 அன்று அண்ணல் பிறந்ததும் மோவ் என்னும் பாளைய நகரிலேயே. ஓய்வு பெற்றபின், பஞ்சத்தால் வாடியோர்க்கு வேலையளிக்க அரசு ஏரி வெட்டிய கோரேகான் என்னும் வேறோர் ஊரில், காசாளராக அமர்ந்தார் இராம்ஜி. படையில் பெற்ற கல்வி, சீருடையைக் களைந்த பின்னும் அவருக்குச் சோறிட்டது. வீட்டில் மக்களைப் படிக்க வைத்தது.

ஆனால் அக்கதவு நிலைத்து நிற்கவில்லை. 'போர்க்குடிகள்' என்று சில சாதியாரையே உயர்த்திப் பேசிய கொள்கை ஓங்கியது. 1890களின் தொடக்கத்தில் மகார்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. வேலையோடு, வருங்காலத் தலைமுறைக்குரிய பள்ளியும் பறிபோயிற்று.

எனினும், கற்ற எழுத்தை எவராலும் பறிக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற படைவீரர் கோபால் பாபா வலங்கர் 1894இல் தடையை நீக்கக் கோரி விண்ணப்பம் எழுதினார். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் இலண்டனிலிருந்த இந்திய அமைச்சருக்கே முறையிட்டார். முதல் உலகப் போரின்போது 1917இல் மகார் படைப்பிரிவு ஒன்று அமைந்து, போருக்குப்பின் கலைக்கப்பட்டது. மகார் ரெஜிமெண்ட் 1941இல்தான் உருவாயிற்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? பிறர் தம் தேவைக்காகத் திறந்த கதவை, தேவை தீர்ந்ததும் அவர்களே அடைத்துவிடுவர். இதனை நன்குணர்ந்த அண்ணல், 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தோற்றுவித்தார். படைப் பள்ளி ஆசிரியரின் மைந்தர், எவர் ஆணையாலும் மூடப்படாத பள்ளியை மக்களுக்கு ஆக்கித் தந்தார்.

இளைஞர்களே! இராணுவத்திலோ, அலுவலகத்திலோ, ஆலையிலோ நீங்கள் எங்குப் பணியேற்றாலும், அங்குக் கிடைக்கும் கல்வியை விடாது பற்றுங்கள். பற்றியதை ஊருக்குக் கொணர்ந்து, நம் மாலைப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கேனும் கற்பியுங்கள். நம் கழகம் உங்களிடம் வேண்டும் விழாக் காணிக்கை இதுவே.