விலை, மதிப்பு, விழுமியம்: 'வேல்யூ' என்னும் சொல் நடந்த வழி

ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்குவோர் ஒருமுறையேனும் தயங்கி நிற்கும் சொற்களுள் 'வேல்யூ' ஒன்று. பொருளியல் நூலில் வந்தால் அதை மதிப்பு என்கிறோம். அறவியலில் வந்தால் விழுமியம் என்கிறோம். ஈழத்தவர் பெறுமதி என்பர். மூன்றும் பொருத்தமானவையே. ஆனால் ஆங்கில வாசகர் மூன்று இடங்களிலும் காண்பது ஒரே சொல்லை. அங்காடிக் கணக்கும் அறத்தின் பேச்சும் ஒரு சொல்லுக்குள் எவ்வாறு குடிபுகுந்தன என்பதை அறியாமல், எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல் என்று நாம் முடிவு செய்ய இயலாது.

இச்சொல்லின் வேர் அங்காடியில் இல்லை. இலத்தீனில் 'வலேரே' என்றால் வலுவோடிருத்தல், நலமாயிருத்தல். உரோமானியர் விடைபெறும்போது சொன்ன 'வலே' என்பதற்கு நலமாயிரு என்பதே பொருள். வீரத்தைக் குறிக்கும் 'வேலர்', செல்லத்தக்கதைக் குறிக்கும் 'வேலிட்', நோய் நீங்கித் தேறுவதைக் குறிக்கும் 'கன்வலெசன்ஸ்' ஆகியவை யாவும் இவ்வேரின் கிளைகள். (நம் 'வலி', 'வலிமை' என்பவற்றோடு ஒலி ஒத்திருப்பது கண்டு உறவு கொண்டாட வேண்டியதில்லை. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு வேர்ச்சொல் காணும் வழக்கம் நம்மிடையே தேவைக்கு மேலாகவே உண்டு.) பழைய பிரெஞ்சின் வழியாக 1300 அளவில் அது ஆங்கிலத்துள் நுழைந்தது.

அப்போது ஆங்கிலத்திடம் இப்பொருளுக்குச் சொல் இல்லாமலில்லை. 'வொர்த்' என்னும் செருமானிய இனச் சொல் அங்கே முன்னரே வழங்கி வந்தது. இன்றைய செருமன் மொழியின் 'வெர்ட்' அதன் உடன்பிறப்பு. வழிபாட்டைக் குறிக்கும் 'வொர்ஷிப்' தொடக்கத்தில் 'வொர்த்' உடைமை, அதாவது தகுதியுடைமை என்றே பொருள்பட்டது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆள்வோர் மொழி பிரெஞ்சாகவும் குடிகள் மொழி ஆங்கிலமாகவும் இருந்தன. ஒரு பொருளுக்கு இரு சொற்கள் அருகருகே வாழ நேர்ந்தது இதனால்தான்.

இவ்விரட்டையைக் கூர்ந்து கவனித்தவர் மொழியறிஞர் அல்லர், கார்ல் மார்க்ஸ். 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியின் முதல் அதிகாரத்தில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள் ஒரு பொருளின் பயனைச் சொல்ல 'வொர்த்' என்பதையும், மாற்றிக்கொள்ளும்போது அது பெறும் மதிப்பைச் சொல்ல 'வேல்யூ' என்பதையும் அடிக்கடி ஆண்டனர் என்று அதில் சுட்டுகிறார். உள்ள பொருளுக்குச் செருமானியச் சொல், அதன் நிழலுக்கு இலத்தீன் வழிச் சொல் என்பது அம்மொழியின் போக்கு என்பது அவர் விளக்கத்தின் சாரம். பொருளியல் நூலொன்றின் அடிக்குறிப்பில் இவ்வளவு நுட்பமான சொல்லாராய்ச்சி கிடைப்பது அரிது.

விலையைக் குறிக்கும் 'பிரைஸ்', பரிசைக் குறிக்கும் 'பிரைஸ்' (தமிழெழுத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட வழியில்லை), புகழ்ச்சியைக் குறிக்கும் 'பிரெய்ஸ்' ஆகிய மூன்றும் 'பிரெத்தியம்' என்ற ஒரே இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. 'சீப்' என்னும் சொல்லோ பழைய ஆங்கிலத்தில் வணிகம் என்று பொருள்பட்டது. இலண்டனின் 'சீப்சைடு' தெரு மலிவானது என்பதால் அப்பெயர் பெறவில்லை, கடைத்தெரு என்பதால் பெற்றது. நல்ல பேரம் என்ற தொடர் தேய்ந்து, 'சீப்' மலிவு என்றாகி, பின்னர் இழிவு என்றும் ஆயிற்று. மலிவானது இழிவானது என்ற நினைப்பு நமக்கும் புதிதன்று.

1776-இல் ஆடம் ஸ்மித் 'நாடுகளின் செல்வம்' எழுதும்போது, 'வேல்யூ' என்ற சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டென்று வாசகரை எச்சரிக்க வேண்டியிருந்தது. நீரைப்போல் பயனுள்ளது பிறிதில்லை, அதைக் கொடுத்துப் பெறக்கூடியதோ ஒன்றுமில்லை. வைரத்தின் நிலை இதற்கு நேர்மாறு. இந்தக் குழப்பம் தீரவே இல்லை. ஒரு நூற்றாண்டு கழித்து, 1871-இல், ஸ்டான்லி ஜெவன்ஸ் இச்சொல்லையே கைவிட்டு 'பரிமாற்ற விகிதம்' என்று எழுதப் போவதாக அறிவித்தார். ஆயினும் பொருளியலிலிருந்து அச்சொல் மறையவில்லை.

ஒழுக்க நெறிகளைப் பன்மையில் 'வேல்யூஸ்' என்று வழங்குவது ஆங்கிலத்தில் மிகப் பிந்திய வரவு. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செருமன் மெய்யியலார், குறிப்பாக நீட்சே, 'வெர்ட்' என்பதை அறத்தின் பக்கம் திருப்பிய பிறகு, இருபதாம் நூற்றாண்டில் சமூகவியலார் கைவழியாக அது பரவியது. இன்று மேடைதோறும் முழங்கும் இச்சொல், அதற்கு முன் நெடுங்காலம் கடைக்காரரின் சொல்லாகவே இருந்தது.

தமிழுக்கு வருவோம். விலை என்பது வில், அதாவது விற்றல் என்ற வினையடியாகப் பிறந்தது; அங்காடியை விட்டு அது வெளியேறுவதில்லை. 'இந்த மாடு இவ்வளவு பெறும்' என்னும் பேச்சு வழக்கோடு உறவுடையது பெறுமதி. இலங்கையில் 2002-இல் நடைமுறைக்கு வந்த வரி பெறுமதி சேர் வரி. 2007-இல் தமிழ்நாட்டில் வந்த அதே வகை வரியை நாம் மதிப்புக் கூட்டு வரி என்றோம். மதிப்பு, மதித்தல் என்ற வினையிலிருந்து வருவது. அளவிடுதல், கருதுதல், போற்றுதல் மூன்றும் அதனுள் அடக்கம். நிலத்துக்கு மதிப்புண்டு, ஆசிரியருக்கும் மதிப்புண்டு, விடைத்தாளுக்கு மதிப்பெண் உண்டு. 'வேல்யூ' பல நூற்றாண்டு நடந்து அடைந்த விரிவு இச்சொல்லுக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

விழுமியம் விழுமத்தோடு உறவுடையது. தொல்காப்பிய உரியியல் விழுமம் என்பதற்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள் சொல்கிறது. உயர்ந்ததும் துன்பமும் ஒரே சொல்லில் இருப்பது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைப்பது. ஆயினும் இன்றைய விழுமியத்தில் அந்த இடும்பை கேட்பதில்லை; விலையும் கேட்பதில்லை. அது தூய சொல்லாகிவிட்டது. நமக்கு அதனிடம் உள்ள மனக்குறையும் அதுவே.

சொசூர் 1916-இல் வெளியான தம் பாடநூலில் ஆட்டைச் சான்றாகக் காட்டுவார். பிரெஞ்சின் 'மூத்தோன்' ஆட்டையும் குறிக்கும், அதன் கறியையும் குறிக்கும். ஆங்கிலத்தில் உயிருள்ளது 'ஷீப்', உணவாவது 'மட்டன்'. பொருள் ஒன்றாயினும் பக்கத்தில் எச்சொற்கள் நிற்கின்றன என்பதைப் பொறுத்து ஒரு சொல்லின் மதிப்பு மாறும் என்பது அவர் கருத்து. அம்மதிப்பை அவர் அழைத்ததும் 'வலேர்' என்றே. விழுமியம் பக்கத்தில் நிற்கும்வரை தமிழின் மதிப்பு பொருளியலின் பக்கம் சற்றே ஒதுங்கி நிற்க வேண்டியதாகிறது.

1880களில் நீட்சே வழங்கிய 'உம்வெர்டுங் அல்லெர் வெர்டெ' என்ற தொடரைத் தமிழில் 'விழுமியங்களை மறுமதிப்பீடு செய்தல்' எனலாம். இலக்கணப்படி குறையில்லை. ஆனால் மூலத்தில் வினையும் பெயரும் ஒரே 'வெர்ட்'. மதித்தோர் நாமே, ஆதலால் மாற்றி மதிக்கவும் நம்மால் முடியும் என்ற வாதம் அந்த ஒற்றுமையில்தான் நிற்கிறது. விழுமியம் என்று எழுதியதும் அவை யாரும் மதித்து உண்டாக்காத, வானிலிருந்து இறங்கிய பொருள்கள் போல் தோன்றிவிடுகின்றன. காதுக்குச் சற்றுக் கரடாக இருப்பினும், 'மதிப்புகள் அனைத்தையும் மாற்றி மதித்தல்' என்றே நாம் எழுதுவோம்.