ஒரு தேடலுக்கு எத்தனை கிராம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பெரிய கடாய், கீழே நெருப்பு, மேலே புகை. எரிவது கண்ணுக்குத் தெரியும். இணையத்தில் அப்படி இல்லை. அதனாலேயே அதுவும் கரியமில வாயுவுக்குக் காரணம் என்ற பேச்சு மக்களிடம் வரத் தாமதமானது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையம் தந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். 2009 ஜனவரியில்தான் லண்டன் 'சண்டே டைம்ஸ்' ஒரு குண்டைப் போட்டது. கூகுளில் இரண்டு முறை தேடினால், ஒரு கெட்டில் தண்ணீர் கொதிக்க வைத்த அளவு கரியமில வாயு வருமாம்! ஒரு தேடலுக்கு 7 கிராம். கூகுள் உடனே மறுத்தது: 0.0003 யூனிட் மின்சாரம், 0.2 கிராம் வாயு, அவ்வளவுதான் என்றது. செய்தியில் பெயர் அடிபட்ட இயற்பியலாளர் அலெக்ஸ் விஸ்னர்-கிராஸ், என் ஆய்வு கூகுளைப் பற்றியதே அல்ல என்றார்.

எங்கள் ஊர் ராஜபாளையத்தில் எனக்கு இது புரிந்தது வேறு விதத்தில். 2012-ல் தமிழ்நாடு முழுக்கக் கடும் மின்வெட்டு. அக்காவின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க பிரவுசிங் சென்டர் போனோம். கரண்ட் போனதும் வாசலில் டீசல் ஜெனரேட்டரை ஓட்டினார்கள். இணையத்தின் புகையை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்!

அடுத்து வீடியோ. பிரான்சின் 'ஷிஃப்ட் ப்ராஜெக்ட்' அமைப்பு 2019-ல் சொன்னதாக, அரை மணி நேரப் படத்துக்கு 1.6 கிலோ என்று ஒரு கணக்கு பரவியது. பிட்டையும் பைட்டையும் குழப்பியதால் வந்த தவறு அது. சர்வதேச எரிசக்தி முகமை 2020-ல் கணக்கிட்டது மணிக்குச் சுமார் 36 கிராம்.

அப்படியானால் கவலை வேண்டாமா? கூகுள் சொன்ன 2009 கணக்குப்படி, நம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் சுமார் 3.3 லட்சம் தேடல்கள் செய்யலாம். ஆனால் அதே முகமையின் மதிப்பீட்டில், 2024-ல் உலகின் டேட்டா சென்டர்கள் இழுத்த மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட். உலக மின் பயன்பாட்டில் 1.5 சதவீதம். 2030-ல் இது இரண்டு மடங்கைத் தாண்டலாம், முக்கியக் காரணம் செயற்கை நுண்ணறிவு என்கிறது.

காமர்ஸ் மாணவனாக எனக்குப் படுவது இதுதான். ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்களில் ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்றும் பார்ப்பார்கள், மாதக் கடைசியில் மொத்த கரண்ட் பில்லையும் பார்ப்பார்கள். இணையம் பற்றிய விவாதமோ பெரும்பாலும் முதல் கணக்கிலேயே நின்றுவிட்டது. ஒன்றின் செலவு குறையக் குறைய நாம் அதை அதிகம் பயன்படுத்துகிறோம், மொத்தம் ஏறுகிறது.

இனி 'ஒரு தேடலுக்கு இத்தனை கிராம்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால், மொத்தம் எவ்வளவு, அந்தக் கரண்ட் நிலக்கரியிலிருந்தா காற்றாலையிலிருந்தா என்று திருப்பிக் கேளுங்கள்.