கடற்கட்டியும் முத்துக்குளிப்போரும்: சுறா அச்சத்தின் சமூக வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபம் பற்றி எழுதியோருட் பலர் முத்தின் விலையையும் அரசின் வருவாயையுமே முதன்மைப்படுத்தினர். கடலடிக்கு இறங்கிய மனிதன் சுறாவிடமிருந்து தன்னை எவ்வாறு காத்துக்கொண்டான் என்னும் வினா, கீழைத்தேயத்தாரின் மூடநம்பிக்கை பற்றிய வேடிக்கைச் செய்தியாகவே அவர்தம் நூல்களில் இடம்பெற்றது. அவ்வினாவை உழைப்பின் வரலாற்றினுள் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுறா பற்றிய அச்சம் நெய்தல்நில வாழ்வில் மிகப் பழமையானது. சுறா எறிந்த புண் ஆறியதும் தந்தை மீண்டும் கடலுட் சென்றுவிட்டமையையும், தாய் உப்பை மாற்றி நெல் கொணர உப்பளத்துக்குச் சென்றமையையும் குறுந்தொகை 269ஆம் பாடல் ஒருசேரக் கூறும். காதற் சூழலில் இடம்பெறும் செய்தியே எனினும், புண்பட்டவனை மீண்டும் கடலுக்கு அனுப்பும் பொருளியல் நிர்ப்பந்தம் அதில் வெளிப்படையாகவே தெரிகின்றது. சுறாவை நீக்கிவிட்டு வலம்புரிச் சங்குக்காக மூழ்கும் பரதவரை அகநானூறு 350ஆம் பாடல் காட்டுகின்றது. சுறவின் கோட்டினை நட்டு அதிற் கடவுளை நிறுத்தி வழிபட்டமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. இங்கு ஆபத்தும், அதனை எதிர்கொள்ளும் திறனும், அதற்குரிய வழிபாடும் பரதவரின் கைகளிலேயே உள்ளன. பாதுகாப்பை விற்கும் தனியொருவன் இப்பாடல்களிற் காணப்படவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்பகுதி பற்றிக் கூறிய மார்க்கோ போலோவின் குறிப்பில் நிலைமை மாறியுள்ளது. கிடைக்கும் முத்துக்களிற் பத்திலொன்று அரசனுக்கும், பெருமீன்களை மந்திரத்தாற் கட்டுவோருக்கு இருபதிலொன்றும் செலுத்தப்பட்டன. மந்திரவாதிகளை அவர் 'அப்ரையமன்' என்பார். பிராமணரையே இச்சொல் குறிக்கும் என்பது பொதுவான கருத்து. அவர் தரும் மற்றொரு செய்தி இன்னும் முக்கியமானது. மந்திரக்கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அது அவிழ்க்கப்பட்டு, மீன்கள் தம் விருப்பம்போற் கேடு செய்ய விடப்பட்டன. அனுமதியின்றி எவரேனும் இரவில் மூழ்கி முத்தெடுப்பதைத் தடுக்கும் காவலாக இது அமைந்தது எனலாம். உழைப்பவனைச் சுறாவிடமிருந்து காத்த அதே மந்திரம், உடைமையாளனின் முத்தை உழைப்பவனிடமிருந்தும் காத்தது.

மந்திரத்தை வெறும் அறியாமை எனக் கொள்வது பொருந்தாது. துரோபிரியாந்துத் தீவினரிடையே, ஆபத்தற்ற உட்கடலில் மந்திரமின்றி மீன்பிடித்தோர் திறந்த கடலுக்குச் செல்கையில் மந்திரத்தை நாடினர் என மலினோவ்ஸ்கி 1925இல் எடுத்துக்காட்டினார். தொழில்நுட்பம் கைகொடுக்காத இடத்தில் மந்திரம் மன உறுதியை அளித்தது. மன்னாரில் நிலக்காற்றுடன் இரவிற் புறப்பட்ட படகுகள் விடியலில் முத்துப்பாரை அடைந்தன. படகொன்றிற் பத்துப்பேர், ஐவர் ஐவராக, கல்லைக் காலிற்கொண்டு இறங்கினர். மேலேயிருந்தவனின் கையிற் கயிறு இருந்தது. பெருந்திரளான படகுகளும் அவற்றின் ஆரவாரமும் சுறாவை விலக்கியிருக்கும் எனக் கருத இடமுண்டு. உண்மையான பாதுகாப்பு இக்கூட்டுழைப்பிலேயே இருந்தது. கடற்கட்டி அதற்கு நம்பிக்கையின் வடிவத்தைக் கொடுத்தான்.

பிரித்தானிய ஆட்சி இந்நிறுவனத்தை ஒழிக்கவில்லை. அதற்கு ஊதியம் வழங்கியது. றொபேட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், அரசிடம் சம்பளம் பெற்ற மந்திரவாதிகள் படகுகள் திரும்பும்வரை கரையில் நின்று மந்திரம் முணுமுணுத்தமையை விவரிக்கிறார். ஒருமுறை முத்துக்குளிப்பவனொருவன் சுறாவாற் காலை இழந்தான். தலைமை மந்திரவாதியிடம் விளக்கம் கேட்கப்பட்டது. தன்மீது பகைகொண்ட கிழவியொருத்தி மலையாளக் கரையிலிருந்து வந்து எதிர்மந்திரம் செய்தாள் என்றும், இனிச் சுறாக்களின் வாயைக் கட்டிவிடுவதாகவும் அவன் விடையிறுத்தான். அப்பருவத்தில் மேலும் விபத்து நிகழவில்லை. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1859ஆம் ஆண்டு நூலில், இப்பரம்பரைத் தொழிலுக்குரிய குடும்பத்தின் அப்போதைய தலைவர் றோமன் கத்தோலிக்கர் என்று குறிப்பிடுகின்றார். தலைவர் நோயுற்றிருந்தமையாற் பதிலாள் வந்திருந்தான். தனக்கு இரகசியம் தெரியாதெனினும், தலைவரின் பிரதிநிதியாகத் தான் நிற்பதைச் சுறாக்கள் மதிக்கும் என்றான் அவன். ரெனன்றுக்கு இது நகைப்புக்குரியதாயிற்று. ஆயின் அதிகாரம் ஆளிடமன்றிப் பதவியிலேயே உள்ளது என்னும் இக்கருத்து, ரெனன்ற் சேவித்த ஆட்சியமைப்பின் கருத்துமாகும்.

நம்பிக்கையற்ற ஆட்சியாளர் ஏன் மந்திரவாதிக்குப் பணம் கொடுத்தனர்? அவனின்றி எவரும் கடலில் இறங்க மறுத்தனர் என்பதே விடை. இம்மறுப்பை உழைப்பாளர் விதித்த பாதுகாப்பு நிபந்தனை என்றே நாம் வாசிக்க வேண்டும். ஆயினும் அதன் எல்லையும் கவனத்திற்குரியது. நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது தடவை மூழ்கியோர் வாயிலும் மூக்கிலும் செவியிலும் நீரும், பலவேளைகளிற் குருதியும் வழிய மேலே வந்தனர் எனப் பேர்சிவலே எழுதுகிறார். அதன் பின்னரும் அவர்கள் மீண்டும் இறங்கினர். அரிதாகக் கடித்த சுறாவுக்கு எதிராக அரசு மந்திரவாதியை நிறுத்தியது. நாள்தோறும் வழிந்த குருதிக்கு மருந்து, மூழ்கும் தடவைகளைக் குறைப்பதும் சிப்பிகளில் உழைப்பவனின் பங்கை உயர்த்துவதுமேயாகும். அது வருவாயைத் தொடும். ஆகவே சுறாவைக் கட்டுவதே மலிவான வழியாயிற்று.

கடற்கட்டியின் வரலாறு இவ்வாறு முரண்பட்ட இரு பணிகளைக் கொண்டது. உழைப்போரின் கூட்டு அச்சத்துக்கு அவன் குரலளித்தான். அவ்வச்சத்தை உண்மையான காரணங்களிலிருந்து திசைதிருப்பவும் பயன்பட்டான். சிலாவத்துறையிலும் அரிப்பிலும் மரிச்சுக்கட்டியிலும் குவிந்த சிப்பிகளைக் கணக்கிட்ட ஏடுகளை, அவற்றுக்காக மூழ்கியோரின் பக்கம் நின்று மீள வாசிப்பது நமது ஆய்வாளர்முன் உள்ள கடமையாகும்.