சிறையும் வாக்குப் பெட்டியும்

1928 ஆம் ஆண்டில், சூயெஸ் கால்வாய்க் கரையிலுள்ள இஸ்மாயிலியா நகரில், ஹசன் அல் பன்னா என்னும் இளம் பள்ளி ஆசிரியர் இஃவானுல் முஸ்லிமூன் இயக்கத்தைத் தோற்றுவித்தார். கால்வாய்க் கம்பனியின் ஐரோப்பிய அதிகாரிகள் ஒருபுறம் வசதியாக வாழ, எகிப்தியத் தொழிலாளர் மறுபுறம் வறுமையில் உழன்ற நகர் அது. மதத்தின் மொழியில் எழுந்த அவ்வியக்கம் வேரூன்றியது இந்த ஏற்றத்தாழ்விலேயாம். இதனை மறந்து, வெறும் மதவெறி என்று ஒதுக்குவோர் அதன் அரசியல் எதிர்காலத்தை அளந்தறிதல் இயலாது.

அடக்குமுறைக்குக் குறைவிருக்கவில்லை. 1948 இல் இயக்கம் தடைசெய்யப்பட்டது; மறு ஆண்டு பன்னா சுட்டுக் கொல்லப்பட்டார். 1954 இன் பின் நாசர் அரசு ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலிட்டது. 1966 இல் சையித் குத்ப் தூக்கிலேற்றப்பட்டார். ஆயின் அவர் சிறையில் எழுதியவையே ஆயுதப் பாதையை நாடிய பின்னோர்க்கு வழிகாட்டி நூல்களாயின. 1970களிலோ, இடதுசாரி மாணவரை எதிர்க்கக் கருவியொன்று தேவைப்பட்ட சதாத் சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டார்.

1992 ஒக்டோபரில் கெய்ரோவைப் பூகம்பம் தாக்கியபொழுது நிகழ்ந்ததை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அரச இயந்திரம் அசையுமுன்னரே, இயக்கத்தினரின் செல்வாக்கிலிருந்த வைத்தியர் சங்கமும் பொறியியலாளர் சங்கமும் கூடாரங்களோடும் போர்வைகளோடும் வீடிழந்தாரிடம் சென்றன. நம் கருத்தினர் அன்று எங்கு நின்றனர் என்ற வினா சற்றுக் கசப்பானதே. அரசு கைவிட்ட இடத்தில் நின்றவர்களுக்கு மக்கள் பின்னர் வாக்களித்தமை வியப்பன்று. 2012 ஜூனில் முகம்மது முர்சி ஏறத்தாழ 52 சதவீத வாக்குகளுடன் ஜனாதிபதியானார்.

ஆட்சி வேறு, அறப்பணி வேறு. அவ்வாண்டு நவம்பரில் முர்சி தம் ஆணைகளை நீதிமன்றங்களுக்கு அப்பாற்பட்டவையாக்கினார். எரிபொருளின்றி நீண்ட வரிசைகள், மின்வெட்டு, வேலையின்மை. இவற்றுக்கு அவரிடம் விடை இருக்கவில்லை. 2013 ஜூன் 30 இல் வீதிகள் நிறைந்தன. அடுத்த தேர்தலில் மக்களே வழங்கியிருக்கக்கூடிய தீர்ப்பை ஜூலை 3 இல் இராணுவம் பறித்துக்கொண்டது. ஓகஸ்ட் 14 இல் ராபியா சதுக்கத்தில் குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்கிட்டது. தோற்றுக்கொண்டிருந்த கட்சி மீண்டும் தியாகியாயிற்று. அன்று யுத்த தாங்கிகளை வாழ்த்திய முற்போக்காளரும் பலர் என்பதை நாம் மறைத்தலாகாது. அந்த நவம்பரிலேயே வந்த ஆர்ப்பாட்டத் தடைச் சட்டம் இடதுசாரி இளைஞரையும் சிறைக்கு அனுப்பியது.

மொரோக்கோவில் நிலைமை வேறு. அங்கு அரண்மனையின் பிடி தளரவில்லையெனினும், இஸ்லாமியவாதிகளின் நீதி அபிவிருத்திக் கட்சி 2011 முதல் பத்தாண்டுகள் அரசாங்கத்துக்குத் தலைமை தாங்கியது. 2016 இல் அக்கட்சிக்குப் பாராளுமன்றத்தில் 125 ஆசனங்கள் இருந்தன. 2021 செப்டெம்பரில் வாக்காளர் அதற்கு விட்டுவைத்தவை 13.