வாய்ப் புற்றுநோய்: ‘நிலை 4’ என்றால் முடிவுதானா?

வெற்றிலையோடு புகையிலை போடுவது, பாக்கு மெல்லுவது ஆகியவை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்கள். பயாப்சி, ஸ்கேன் முடிந்ததும் நோயின் நிலையை மூன்று எழுத்துகளால் குறிப்பார்கள்.

டி: கட்டியின் அளவு, ஆழம்.
என்: கழுத்து நெறிக்கட்டிகளில் பரவல்.
எம்: நுரையீரல் போன்ற தொலைவு உறுப்புகளில் பரவல்.

அறிக்கையில் ‘நிலை 4’ என்று கண்டதும் சில குடும்பங்கள் சிகிச்சையையே கைவிடுகின்றன. ஆனால் 4ஏ என்றால் நோய் தொலைவு உறுப்புகளுக்குப் போகவில்லை. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு மூலம் குணமாகும் வாய்ப்பு உண்டு. தொலைவில் பரவியதுதான் 4சி.

நெறிக்கட்டியின் உறையைத் தாண்டிய பரவல், வெட்டிய விளிம்பில் மிச்சமிருக்கும் நோய், நோயாளியின் உடல்வலு ஆகியவையும் பிழைக்கும் வாய்ப்பை மாற்றும். எனவே மருத்துவரிடம் “4-ல் எது?” என்று கேளுங்கள்.

கோவை அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு உள்ளது. இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை உடனே காட்டுங்கள்.