திருகோணமலைத் துறையில் மூழ்கிய மிதவை டொக்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசுவோர் அதன் ஆழத்தையும், சூழ நின்று காக்கும் குன்றுகளையும் எடுத்துரைப்பர். 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் நிகழ்ந்த ஜப்பானியக் குண்டுவீச்சும் பலரால் எழுதப்பெற்றதே. ஆயின் பகைவர் கை சிறிதும் படாமலே அத்துறையில் ஒரு பெருங்கேடு 1944 ஆகஸ்ட் 8 இல் விளைந்தது. அதனை அறிந்த மாணவர் நம்மிடையே சிலரே. ஏற்றியிறக்கும் பொறிகளில் அபாயம் எங்கே ஒளிந்திருக்கும் என்பதை அறிய அதனினும் நல்ல சான்று நம்மூரிற் கிடைத்தல் அரிது.

பெருங்கப்பலின் அடிப்பாகத்தைத் துப்புரவு செய்யவோ பழுது பார்க்கவோ அதனை நீரினின்றும் விலக்குதல் வேண்டும். கரையில் வெட்டிய உலர்துறை இல்லாவிடத்து மிதவை டொக் அவ்வேலையைச் செய்யும். அது உள்ளே வெறுமையான பல அறைகளைக் கொண்ட இரும்புத் தளம். இரு மருங்கும் உயர்ந்த சுவர்கள். அறைகளில் நீரை நிரப்பினால் தளம் தாழும். கப்பல் உள்ளே புகுந்து நிற்கும். பின்னர் நீரை இறைத்து வெளியேற்ற, தளம் கப்பலைச் சுமந்து மேலெழும். கப்பல்களுக்கான லிப்ட் என்று இதனைச் சொல்லின் தவறாகாது.

அன்று அதன் மேல் ஏறியது 'வேலியன்ட்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல். 1914 இல் நீரில் இறக்கப்பெற்ற அக்கப்பல், அவ்விபத்துக்கு இரு வாரங்களுக்கு முன்னரே, சூலை 25 இல், சுமாத்திராவின் வடபால் உள்ள சபாங் துறையைத் தாக்கிய அணியில் இருந்தது. வெடிபொருள்களை இறக்காமலே அதனைத் தூக்கத் தொடங்கினர். அறைகளிலிருந்து நீரை இறைத்த வரிசையோ கப்பலின் பாரம் பரந்திருந்த வகைக்கு ஒவ்வாததாயிற்று. டொக் அளவுக்கு மேல் வளைந்து, முதுகு முறிந்து, மூழ்கிற்று. கப்பலின் உட்புறச் சுழலிகள் இரண்டும் சுக்கான் ஒன்றும் இறுகிப் போயின. கொதிகலங்களில் நீராவி ஆயத்தமாய் இருந்தமையால் கப்பல் மாத்திரம் தப்பியது.

ஈண்டு நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்றுண்டு. "எத்தனை தொன் தாங்கும்?" என்ற வினா மாத்திரம் போதாது, பாரம் எவ்விடத்தில் அழுத்துகிறது, ஏந்தும் விசை எவ்விடத்தில் எழுகிறது என்பதே முதன்மையான வினா. பீரங்கி மேடைகளும் கவசமும் கொதிகலங்களும் போர்க்கப்பலின் நடுப்பகுதியிலே பெரிதும் செறிந்திருக்கும். முனையறைகள் முந்தி வெறுமையானால் முனைகள் எழ, நடு தாழும். இவ்வளைவைக் கண்டறிதல் கடினமன்று. சுவரின் மேல் இரு முனைகளிலும் நடுவிலும் ஒரே மட்டத்தில் குறிகளிட்டு ஒரு நேர்கோட்டில் நோக்கினால், நடுக்குறி தாழ்வது கண்ணுக்கே புலனாகும். டொக் நடத்துவோர் கையாளும் முறை இதுவே.

மனிதரை ஏற்றும் மின்தூக்கியிலும் நிலைமை இதுவே. கயிறு அறுந்து கூண்டு விழுமோ என்றே பலரும் அஞ்சுவர். அவ்வச்சத்திற்கு எலிசா ஓற்றிஸ் 1854 இல், நியூயோர்க் நகரக் கண்காட்சியில், தாம் ஏறி நின்ற மேடையின் கயிற்றை வெட்டுவித்தே மறுமொழி தந்தார். பற்றுப்பொறி மேடையை நிறுத்திவிட்டது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. கூண்டின் எடையோடு, அது ஏற்றக்கூடிய பாரத்தின் ஏறத்தாழச் செம்பாதியையும் சேர்த்தே எதிர்ப்பாரம் அமைப்பர். ஆகவே ஓரிருவர் மாத்திரம் நிற்கும் கூண்டின் தடை தளர்ந்தால் அது விழாது. மேல் நோக்கி விரையும்! இதனை எண்ணாதவர் பலர்.

கூர்ந்து நோக்குவார்க்குக் குறிகள் முன்னரே தோன்றும். கூண்டின் தளம் மாடித் தளத்தோடு ஒட்டாமல் ஒரு விரற்கடை ஏறியோ தாழ்ந்தோ நிற்றல், தடை தேய்ந்தமையைக் காட்டலாம். எஃகுக் கயிற்றின் மேற் படியும் செந்நிறத் தூள், அகத்தே இழைகள் அரைபடுவதன் அடையாளம். கூண்டு வாராமலே மாடிக் கதவு திறக்குமாயின், அத்தூக்கியை அக்கணமே நிறுத்திவிடல் வேண்டும். நகரும் படிக்கட்டில் படிக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலுள்ள வெளி, முடிவிலுள்ள சீப்புப் பற்களின் முறிவு, கைப்பிடி படியோடு ஒத்த வேகத்தில் ஓடாமை ஆகியவற்றை எவரும் காணலாம். காண இயலாதது அடியில் உள்ளது. 1987 நவம்பர் 18 இல் இலண்டன் கிங்ஸ் குறொஸ் நிலையத்தில், மரத்தாலான நகரும் படிக்கட்டின் கீழே நெடுநாள் சேர்ந்த கொழுப்பு எண்ணெயும் குப்பையும் தீப்பற்றியதால் 31 பேர் மாண்டனர்.

மீண்டும் 'வேலியன்டு'க்கு வருவோம். எட்டுக் கடல்மைலுக்கு மேல் வேகங் கொள்ளாமல், திசை நேர்படாமல் அது சூயஸ் வரை தள்ளாடிச் சென்றது. கால்வாயினூடே செல்ல இயலவில்லை. பீற்றர் கீபிள் என்னும் கடற்படையதிகாரியின் மேற்பார்வையில், நீருக்கடியிலேயே இரு சுழலித் தண்டுகளும் வெட்டப்பெற்றுக் கடலடியில் வீழ்ந்தன. 1945 பெப்ரவரியில் இங்கிலாந்தை அடைந்த அக்கப்பல் பின்னர்ப் போரிற் கலந்துகொள்ளவில்லை. கொதிகலத் தொழிலாளர்க்குப் பயிற்சியளிக்கும் கலமாய்ச் சில காலம் இருந்து, 1948 இல் உடைப்பதற்கு விற்கப்பெற்றது.