கயிற்றில் ஏறும் முன்: மாணவர் குழுப்பயிற்சி முகாம்கள் பற்றிப் பெற்றோருக்கு

பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வருகிறது: ஒருநாள் குழுப்பயிற்சி முகாம், கயிறு ஏற்றம் உண்டு, பெற்றோர் சம்மதம் தேவை. கட்டணத்தையும் பேருந்து நேரத்தையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். அங்கே என்ன நடக்கிறது என்று நம்மில் பலர் கேட்பதில்லை.

இதன் தொடக்கம் இரண்டாம் உலகப்போர் காலம். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி பிரிட்டனில் குடியேறிய கல்வியாளர் குர்ட் ஹான், கப்பல் நிறுவன உரிமையாளர்களில் ஒருவரான லாரன்ஸ் ஹோல்ட்டுடன் சேர்ந்து 1941இல் வேல்ஸின் அபர்டோவி என்ற கடலோர ஊரில் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார். இளம் மாலுமிகளுக்கு மன உறுதி வரவேண்டும் என்பது நோக்கம். 1971இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய பிராஜெக்ட் அட்வென்ச்சர் அதே சிந்தனையைச் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தது.

பயிற்சிக் களம் இரண்டு வகை. ஒன்று தரையை ஒட்டியது. சிலந்தி வலை போலக் கட்டிய கயிற்றின் துளைகள் வழியே, கயிற்றில் படாமல் எல்லோரும் மறுபுறம் போகவேண்டும். ஒருவர் போன துளையில் இன்னொருவர் போகக்கூடாது. கூடிப் பேசாமல் இது முடியாது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை வழி சொல்லும் அதிசயமும் இங்கேதான் நடக்கும். ஒருவரையொருவர் தூக்கிக் கொடுக்கவேண்டிய ஆட்டம் என்பதால், ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் குழுக்களா என்று முன்பே கேட்டுவிடலாம்.

மற்றது உயரத்தில் கம்பிமேல் நடப்பது. தலைக்கவசமும், இடுப்பையும் தொடைகளையும் சுற்றிய ஹார்னஸ் வாரும் கட்டாயம். பல களங்களில் அந்த வாரில் கோத்த கயிறு மேலே போய்த் திரும்பி, கீழே நிற்பவர் கையிலுள்ள தடுப்புக் கருவிக்கு வரும். கால் தவறினால் பிடிப்பவர் அவர்தான். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அந்தக் கயிற்றைப் பிடிக்கிற ஆள் இருக்கும் இடத்துக்கு நம் பிள்ளை போகவே வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து என்ன நடந்தது, யார் சொல்லை யார் கேட்கவில்லை என்று பேசவேண்டும். அது இல்லையென்றால் பிக்னிக்தான்.

இத்துறையின் அடிப்படை விதி, எவ்வளவு தூரம் போவது என்பதை ஏறுபவரே முடிவு செய்வது. 'போதும்' என்றால் இறக்கிவிட வேண்டும். கேலி செய்து, கைதட்டி மேலே தள்ளுவது விதிமீறல். 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு தனியார் கல்லூரியில் பேரிடர் மீட்புப் பயிற்சியின்போது, மாடியிலிருந்து குதிக்கத் தயங்கிய 19 வயது மாணவியைப் பயிற்சியாளர் தள்ளிவிட, கீழ்த்தளச் சன்ஷேடில் தலை மோதி அந்தப் பெண் இறந்தார். அந்தப் பயிற்சிக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. அது கயிறு ஏற்றம் அல்ல. ஆனால் மாணவியின் தயக்கத்தை மதிக்காத பயிற்சியாளர் எந்தக் களத்திலும் ஆபத்தானவரே.

ஆகவே கையெழுத்துக்கு முன் ஆசிரியரிடம் கேளுங்கள்: பயிற்சியாளர் எங்கே பயின்றவர்? ஒவ்வொருவரின் வாரையும் ஏறுமுன் இரண்டாவது ஆள் சரிபார்க்கிறாரா? பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம்? பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் இரண்டு. வார் தொடையைச் சுற்றிப் போவதால் புர்காவோடு ஏற முடியாது. தளர்வான பேன்ட்டும் முழங்கால் வரையிலான மேலாடையும் சரிவரும். ஊசி குத்தாத, தலைவழியே மாட்டும் ஹிஜாப்தான் பாதுகாப்பு. தொங்கும் முனையை உள்ளே செருகாவிட்டால் கயிற்றுக் கருவியில் சிக்கும். வாரை இறுக்குபவர் உடலைத் தொட்டே ஆகவேண்டும் என்பதால் பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். லுஹர் தொழுகைக்கான இடைவேளையையும் அப்போதே கேட்டு வாங்கிவிடலாம்.